‘எனக்குக் கணக்கு வராது’ என்று நான் சொன்ன பொய்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் தன்னம்பிக்கை பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று ‘என்னால் முடியும்’ என்று பத்து முறை சொல்லுங்கள், தயக்கமெல்லாம் ஓடிவிடும் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவரைக் குறை சொல்லவில்லை, நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் நானும் ஒரு காலத்தில் அதைச் செய்து பார்த்தவள். நாலாவது தடவை சொல்லும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது, மாமியார் உள்ளே இருந்து “யார்கிட்ட பேசிட்டு இருக்கே?” என்று கேட்டார். அதோடு சரி.

நான் புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் பக்கத்துக் கிராமம். வயது 54. வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் தைக்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு. இந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமலே, எழுதினேன். என்ன ஆனது என்று கடைசியில் சொல்கிறேன், முதலிலேயே சொன்னால் நீங்கள் பாதியில் விட்டுவிடுவீர்கள்.

1985-ல் எட்டாம் வகுப்பு முடித்தேன். எங்கள் ஊரில் நடுநிலைப் பள்ளிதான் இருந்தது. உயர்நிலைப் பள்ளி ஏழு கிலோமீட்டர் தள்ளி. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், அதுவும் மழை பெய்தால் வராது. பையன்கள் சைக்கிளில் போனார்கள். பொம்பளைப் பிள்ளை சைக்கிளில் போவதாவது! எங்கள் ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினார். அப்பா பதிலே சொல்லவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. பயந்த மனுஷர்.

ஒரு வாரம் அழுதேன். அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சொந்தக்காரர்கள், கல்யாண வீட்டில் பார்ப்பவர்கள் எல்லோரும் “ஏன் ஆத்தா படிப்பை நிறுத்திட்டே?” என்று கேட்பார்கள். ‘எங்கப்பா அனுப்பலை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்பாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும். அதனால் “எனக்குக் கணக்கு வராது, அதான் நிறுத்திட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். வகுப்பில் நான் கணக்கில் இரண்டாவது, மூன்றாவது வருகிறவள். ஆனாலும் அந்தப் பதில் எல்லோருக்கும் வசதியாக இருந்தது, அப்பாவுக்கும் வசதி, கேட்டவர்களுக்கும் வசதி. சொல்லிச் சொல்லி ஐந்தாறு வருஷத்தில் எனக்கே அது நிஜமாகிவிட்டது. பிறகு மளிகைக் கடையில் சில்லறை எண்ணும்போதுகூட ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ண ஆரம்பித்தேன். நமக்குத்தான் கணக்கு வராதே!

உங்கள் கட்டுரையில் தாழ்வு மனப்பான்மை உள்ளே இருந்து வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படி வரவில்லை. யாருடைய மானத்தையோ காப்பாற்ற நானே சொன்ன ஒரு பொய், அப்புறம் என்னையே பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்துப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், ‘எனக்கு இங்கிலீஷ் ஏறாது’, ‘எனக்கு மேடைன்னா நடுக்கம்’, ‘எனக்கு வண்டியெல்லாம் ஓட்ட வராது’ என்று ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். கிளறிப் பார்த்தால் பாதிக்கு மேல் அடியில் வேறு கதை இருக்கும்.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். 1991, 92-ல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் வந்ததை வயதான வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்தறிவு மட்டும் போதாது, பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கிளப்பிவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் இறங்கிவிட்டார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், குவாரியில் கல் உடைக்கிறவர்கள், பால்வாடி ஆயா, நர்ஸ் என்று யார் யாரோ. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள், முன்னால் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. இன்று ஸ்கூட்டியில் பறக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ‘இதுல என்ன இருக்கு’ என்று பார்க்கிறார்கள். அப்போது ஒரு பெண் சைக்கிளில் ஏறினால் டீக்கடை பெஞ்சே எழுந்து நின்று பார்க்கும், என்னவெல்லாம் பேசுவார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

எனக்கு அப்போது 21 வயது. எட்டாவது படித்தவள் என்பதால் தொண்டராகச் சேர்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் கண்மாய்க் கரையில் வாடகை சைக்கிளை வைத்துப் பழகினோம். தாவணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தப் பாரைத் தாண்டி காலைப் போடவே எனக்கு இரண்டு நாள் ஆனது. கருவேல முள்ளில் விழுந்து முழங்கையில் தைத்த முள் பாதி உள்ளேயே ஒடிந்துபோனது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஒருவழியாக ஓட்ட வந்ததும் நான் முதலில் எங்கே போனேன் தெரியுமா? அந்த உயர்நிலைப் பள்ளிக்கு. ஞாயிற்றுக்கிழமை, கேட் பூட்டியிருந்தது. வாட்ச் இல்லாததால் போகிற வழியில் ஒரு கடையில் மணி பார்த்துக்கொண்டேன், ஆகமொத்தம் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஏழு வருஷமாக எனக்கு அது வேறு தேசத்தில் இருந்த மாதிரி இருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ராத்திரி வகுப்பு எடுப்பேன். அப்பத்தா வயதில் ஒருவர் வருவார், நாத்து நட்டு நட்டு விரலெல்லாம் காய்த்துப்போயிருக்கும். “கட்டை விரல் இருக்கும்போது எழுத்து எதுக்கு தாயி, சாகப்போற காலத்துல” என்று தினமும் சொல்வார், ஆனால் தினமும் முதல் ஆளாக வந்து உட்காருவார். கையைப் பிடித்து எழுத வைத்தேன். மூன்று மாதத்தில் பேர் எழுதினார். வயது ஒரு தடையே இல்லை, மனசுதான் காரணம் என்று அவரிடம் நான் பேசிய பேச்சு இருக்கிறதே, நீங்கள் கேட்டிருந்தால் உங்கள் இணைப்பிதழில் எனக்கும் ஒரு பத்தி கொடுத்திருப்பீர்கள். அந்தப் பேச்சில் ஒரு வரிகூட என் காதில் விழவில்லை. புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று 1992-ல் அறிவித்தபோது ஊரே கொண்டாடியது. நானும் கும்மி அடித்தேன். பத்தாவது எழுதலாமே என்று என்னோடு இருந்த ஒரு அக்கா சொன்னார். “எனக்குக் கணக்கு வராதுக்கா” என்றேன்.

அடுத்த வருஷம் கல்யாணம். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு காரணம் இருந்தது, ஒன்றுகூடப் பொய்க் காரணம் இல்லை. பிள்ளைகள், மாமனாருக்குக் கால் எடுத்தது, மகள் கல்யாணம், கடன். இந்த ‘நம்மால் முடியாது’ என்பது நேராக வந்து நின்றால் விரட்டிவிடலாம். அது பொறுப்பு மாதிரி, குடும்பம் மாதிரி முகத்தை மாற்றிக்கொண்டு வரும். ‘மகள் கல்யாணம் முடியட்டும்’ என்று சொல்கிறவளை யார் பயந்தாங்கொள்ளி என்பார்கள்? எல்லோரும் பாராட்டத்தான் செய்வார்கள்.

2018-ல் கேரளாவில் கார்த்தியாயினி அம்மா என்று ஒரு பாட்டி, ஆலப்புழா பக்கம், 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார் என்று பேப்பரில் வந்தது. பின்னால் ஜனாதிபதி கையால் விருதுகூட வாங்கினார். அந்தச் செய்தியைக் கத்தரித்து மெஷின் டிராயரில் வைத்தேன். உற்சாகம் வந்ததா என்று கேட்டால் இல்லை. ‘அவங்களுக்கு என்ன கவலை, சமைக்கணுமா தைக்கணுமா’ என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது சொல்ல. சாதித்தவர்கள் கதையைப் படித்தால் ஊக்கம் வரும் என்கிறார்கள், எனக்கு வந்தது எரிச்சல்தான். ஆனால் அந்தத் துண்டுப் பேப்பரை ஏன் தூக்கிப் போடவில்லை என்று தெரியவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் ஒருநாள் டவுனுக்கு நூல்கண்டு வாங்கப் போனவள், தனித்தேர்வர் விண்ணப்பம் வாங்கும் சேவை மையத்துக்குப் போய்விட்டேன். கவுன்டரில் இருந்த தம்பி “யாருக்கும்மா?” என்றார். “என் பொண்ணுக்கு” என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. என் மகள் அப்போது பி.காம். முடித்து வேலைக்கே போய்விட்டாள். அவர் பொறுமையாக எல்லாம் சொன்னார். எட்டாவது பாஸ் செய்த சான்றிதழ் வேண்டும், பதினாலரை வயது முடிந்திருந்தால் போதும், கூடுதல் வயதுக்கு வரம்பே கிடையாது, “பொண்ணை நேர்ல கூட்டிட்டு வாங்க” என்றார். சரி தம்பி என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் இது இரண்டாவது பொய். முதல் பொய்யாவது அப்பாவுக்காகச் சொன்னது.

அடுத்து கொரோனா. 2020-ல் பள்ளியில் படித்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையெல்லாம் தேர்வே இல்லாமல் ஆல் பாஸ் போட்டார்கள். அதற்குள் என் ஆசை வீட்டில் கசிந்துவிட்டிருந்தது. “யூனிஃபார்ம் தைச்சுப் போட்டுக்கிட்டு ஸ்கூல்ல போய் உட்கார்ந்திருக்கலாம்ல, நீயும் பாஸ்” என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் பாருங்கள், ‘உனக்கு எதுக்கு’ என்று அவர் கேட்கவில்லை. அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

என்னைக் கிளப்பியது எந்தப் பேச்சும் இல்லை, அடுத்த தெருப் பிள்ளை ஒருத்தி. பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள், பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாவாடை தைக்க வந்தவள் காத்திருந்த நேரத்தில் கணக்கு நோட்டை விரித்து வைத்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். எக்ஸ் எக்ஸ் என்று கிடந்தது. “இதென்ன ஆத்தா, புழு ஊர்ற மாதிரி” என்றேன். “காரணிப்படுத்துறது அத்தை, ஈஸிதான். ரெண்டு நம்பர் சொல்லுங்க, பெருக்கினா 12 வரணும், கூட்டினா 7 வரணும்” என்றாள். மூணும் நாலும் என்றேன். “பெருக்கினா 20, கூட்டினா 9?” நாலும் அஞ்சும். “அவ்ளோதான் அத்தை, பாதிக் கணக்கு முடிஞ்சுது” என்றாள். நான் மெஷினை நிறுத்திவிட்டேன். அன்றைக்கு அந்தப் பாவாடையில் ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்துத் தைத்தேன்.

அவளிடம்தான் பாடம். வாரத்தில் மூன்று நாள், கூலி தையல். வடிவியலுக்கு வந்தபோது நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் கடைசியில் எட்டு மதிப்பெண் கேள்வி இரண்டு வரும், ஒன்று வடிவியல் வரைவது, இன்னொன்று வரைபடம். பதினாறு மதிப்பெண். பாஸ் ஆக 35. ஆகவே சுமாராகப் படிக்கும் பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் ‘இந்தப் பதினாறை முதலில் கையில் எடு’ என்பார்களாம். ஒரு முக்கோணம் கொடுத்து அதன் ஐந்தில் மூன்று பங்கு அளவில் அதே வடிவத்தில் இன்னொன்று வரையச் சொல்வார்கள், அளவு காரணி என்று பெயர். என்னிடம் அம்மா அளவு பிளவுஸைக் கொடுத்து அதே மாடலில் ஆறு வயதுப் பிள்ளைக்கு வெட்டச் சொல்வார்களே, அதேதான்! இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அப்புறம் தொடுகோடு. 3 செ.மீ. ஆரத்தில் வட்டம், மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி, அங்கிருந்து வட்டத்தைத் தொடுகிற மாதிரி இரண்டு கோடு. காம்பஸை எடுத்து வில் வெட்டி வரைந்து முடித்து அளந்தேன், இரண்டு பக்கமும் 4 செ.மீ., இம்மி பிசகவில்லை. முப்பது வருஷமாகக் கைவளைவும் கழுத்து வளைவும் சாக்பீஸில் போட்ட கை. அந்தப் பிள்ளை என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “எங்க கிளாஸ்ல யாருக்கும் இவ்ளோ நீட்டா வராது அத்தை” என்றாள்.

ராத்திரி நெடுநேரம் தூக்கம் வரவில்லை. சந்தோஷம் என்று நினைக்காதீர்கள். கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷமாகிவிட்டது.

டிரங்குப் பெட்டியில் தேடி டி.சி.யை எடுத்துக்கொண்டு மறுபடி சேவை மையத்துக்குப் போனேன். வேறு ஆள் இருந்தார். “யாருக்கும்மா?” என்றார். “எனக்குத்தான்” என்றேன். அவர் ஒன்றுமே ஆச்சரியப்படவில்லை, “அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செஞ்சாச்சா?” என்று கேட்டார். இதற்குத்தானா இத்தனை வருஷம் நடுங்கினோம் என்று இருந்தது. ஆனால் அந்தப் பதிவு நான் செய்யவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நேரடித் தனித்தேர்வர்கள் பல மாதம் முன்பே அதற்குப் பதிவு செய்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய் வகுப்பில் கலந்துகொள்ள வேண்டும். செய்முறைக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. முதல் ஆண்டு அப்படியே போனது. உண்மையைச் சொன்னால் அன்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, தள்ளிப்போட மறுபடி ஒரு நல்ல காரணம்.

அடுத்த வருஷம் விடவில்லை. செய்முறை வகுப்பில் எங்கள் குழுவில் பாதிப் பேர் வேலைக்குப் போகிற பையன்கள், ஒரு சித்தாள் பெண், டிரைவர் ஒருவர். குவிலென்ஸை வைத்து ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரத்தைக் காகிதத்தில் விழ வைத்தோம், தலைகீழாக, சின்னதாக, இலை அசைவதுகூடத் தெரிந்தது. டிரைவர் அண்ணன் “அட!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். எல்லோரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தோம்.

இப்போது முடிவு. தமிழ் 81, கணக்கு 57, அறிவியல் 54, சமூக அறிவியல் 63, ஆங்கிலம் 29. ஆகவே ஃபெயில்.

மகன் திருப்பூரிலிருந்து போனில் பார்த்துச் சொன்னான், சொல்லவே தயங்கினான். இந்த ஒரு வார்த்தை காதில் விழுந்துவிடக் கூடாது என்றுதான் நாற்பது வருஷம் ஒளிந்துகொண்டிருந்தேன். விழுந்தது. வீட்டுக்காரர் டீ போட்டார், சர்க்கரை அதிகம். அந்தப் பிள்ளை ஓடி வந்து கணக்கு மார்க்கை மட்டும் கேட்டுவிட்டுக் குதித்தாள். மறுநாள் இரண்டு பிளவுஸ் டெலிவரி இருந்தது, முடித்துக் கொடுத்தேன். ஊரில் இரண்டு பேர் கேலி செய்தார்கள், நான்கு பேர் ‘நாங்களும் எழுதலாமா, எப்படி’ என்று கேட்டு வந்தார்கள். அதில் ஒருத்திக்கு 47 வயது.

அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம். தனித்தேர்வர் விண்ணப்பத் தேதி, அறிவியல் செய்முறைப் பதிவுத் தேதி, துணைத் தேர்வுக்கான கடைசி நாள், இதெல்லாம் உங்கள் பேப்பரில் வராமல் இல்லை. உள்பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே, நான்கு வரியில் வருகிறது. பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு ஆசிரியர் சொல்லிவிடுவார். எங்களுக்குச் சொல்ல பேப்பரை விட்டால் யார் இருக்கிறார்கள்? தன்னம்பிக்கைக் கட்டுரை போடுகிற அதே பக்கத்தில் அந்தத் தேதிகளை ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். எட்டாவது சான்றிதழ் தொலைந்திருந்தால் எங்கே போய்க் கேட்பது, வகுப்பு எந்தப் பள்ளியில், கட்டணம் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் போட்டால் புண்ணியமாகப் போகும். கண்ணாடி முன்னால் நின்று பத்து முறை சொல்வதற்குப் பதில் அதை வெட்டி மெஷின் டிராயரில் வைத்துக்கொள்வோம்.

ஆங்கிலத்துக்குத் துணைத் தேர்வு கட்டிவிட்டேன். மெமரி போயம் மட்டும் இன்னும் தகராறு செய்கிறது. பாவாடை ஓரம் அடிக்கும்போது ஒரு வரி, திருப்பி அடிக்கும்போது ஒரு வரி என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முப்பது வருட வாசகி,
அன்னவாசல் வட்டாரம், புதுக்கோட்டை மாவட்டம்.

பின்குறிப்பு: கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். தமிழில் 81 என்று வேறு எழுதித் தொலைத்துவிட்டேன்.